இரண்டு பந்தங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரியில் ஊடகப் பயிலரங்கு நடந்தது. பயிற்சி தர வந்தவர் தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். நேரலையாக நாடகம் எடுப்பதைப் பற்றி வகுப்பு. அதற்கு எடுத்துக்காட்டாக பிபிசியின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரிலிருந்து ஒரு காட்சியைத் திரையிட்டார். லண்டன் ஒலிம்பிக் தொடங்க நான்கு நாள் இருந்தபோது, 2012 ஜூலை 23 அன்று ஒளிபரப்பான எபிசோட் அது. தொடரின் கதாபாத்திரமான பில்லி மிட்செல், கையில் ஒலிம்பிக் பந்தத்தோடு தன் தெருவைச் சுற்றி ஓடுகிறார். அக்கம்பக்கத்தார் கைதட்டுகிறார்கள். அந்தப் பகுதி மட்டும் நேரலை.

ஓட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் படத்தை நிறுத்தினார். "பாருங்க, ஒரு சீரியல்கூட இவ்வளவு உயரத்துக்குப் போக முடியும்" என்றார். நான் எழுந்து, "சார், அதே எபிசோடில் அந்த மனிதரின் பேத்திக்குப் பிரசவ வலி எடுக்கிறதே, அதைக் காட்டவில்லையே?" என்று கேட்டேன். "அது வழக்கமான சீரியல் மேட்டர்தானே மேடம்" என்றார். அரங்கம் சிரித்தது. மாணவிகளும் சிரித்தார்கள். நானும் மரியாதைக்காக ஒரு சிரிப்பு சிரித்து வைத்தேன்.

அந்தச் சிரிப்புக்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

*

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' 1985 பிப்ரவரி 19 அன்று தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற தொடர். அதை உருவாக்கியவர்கள் இருவர்: ஜூலியா ஸ்மித் என்ற பெண், டோனி ஹாலண்ட் என்ற ஆண். கிழக்கு லண்டனில் வால்ஃபோர்டு என்று ஒரு கற்பனைப் பேட்டை. அதில் ஒரு சதுக்கம், ஒரு மதுக்கடை, ஒரு சந்தை, ஒரு சலவைக்கூடம். கதை கிழக்கு லண்டனில் நடந்தாலும், படப்பிடிப்புத் தெரு இருப்பது நகருக்கு வடக்கே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில்.

பில்லி மிட்செல் அந்தத் தெருவின் தோற்ற மனிதர். எந்த வேலையும் நிலைக்காது, எந்தத் திட்டமும் பலிக்காது. பெரிய ஆட்களான மிட்செல் குடும்பத்தில் எல்லோரும் ஏறி மிதிக்கிற சின்ன ஆள். அவர் கையில் நாட்டின் பந்தத்தைக் கொடுத்தது நல்ல யோசனை என்றே சொல்வேன். பெர்ரி ஃபென்விக் அந்தப் பாத்திரத்தை எவ்வளவோ நேசத்தோடு செய்கிறவர். அவர்மீது எனக்கு வழக்கு இல்லை.

அவருடைய பேத்தி லோலா. சிறார் காப்பகத்திலிருந்து தாத்தாவிடம் வந்து சேர்ந்த பதின்பருவப் பெண். வயிற்றில் குழந்தை. பந்தம் தெருவுக்கு வருகிற நாளிலேயே அவளுக்கு வலி எடுக்கிறது. மருத்துவமனையில் அல்ல, தெருவில் இருக்கிற கோழிவறுவல் கடையில் லெக்ஸி என்ற பெண் குழந்தை பிறக்கிறது. தாத்தா எங்கே நிற்க வேண்டும், பந்தத்தோடா பேத்தியோடா என்பதுதான் அன்றைய கதையின் முடிச்சு.

தமிழில் பந்தம் என்றால் எரிகிற தீவட்டியும்தான், உறவும்தான். அன்று அந்தத் தெருவில் இரண்டு பந்தங்கள் இருந்தன. ஒன்று நேரலைக்கு உரியதானது. மற்றது வழக்கமான சீரியல் மேட்டர் ஆனது. இந்தப் பிரிவினையை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதுதான் நாம் பேச வேண்டியது.

*

முதலில் இந்த 'நேரலை' என்ற சொல்லுக்குக் கிடைத்திருக்கிற மவுசைப் பார்ப்போம்.

தொலைக்காட்சியில் விளையாட்டு என்றாலே நேரலை. செய்தி என்றாலே நேரலை. இப்போது நடக்கிறது, உண்மையாக நடக்கிறது, அதனால் முக்கியமானது. சீரியல் என்றால் முன்கூட்டியே எடுத்து வைத்தது, பொய்யானது, எப்போது பார்த்தாலும் ஒன்றுதான். எது ஆண்கள் பார்ப்பது, எது பெண்கள் பார்ப்பது என்று இந்த வரிசையின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், கணக்கு விளங்கும். உலகக் கோப்பைக் கால்பந்து வந்தால் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' நேரம் மாறும், நாள் மாறும், அலைவரிசைகூட மாறும். சீரியலுக்காகக் கால்பந்து ஆட்டம் அரைமணி நேரம் தள்ளி வைக்கப்பட்டதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? ஒரே ஒரு டிவி இருக்கும் நம் வீடுகளிலும் கிரிக்கெட் நாளில் ரிமோட் யார் கைக்குப் போகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் வரலாறு வேறு கதை சொல்கிறது. சீரியல்தான் நேரலையின் பழைய வீடு.

அமெரிக்க வானொலியில் தொடர் நாடகம் என்ற வடிவத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் இர்னா ஃபிலிப்ஸ் என்ற பெண் எழுத்தாளர். 1930களில் தொடங்கியவர். வீட்டிலிருக்கும் பெண்கள் கேட்கிறார்கள் என்பதால் சோப்பு நிறுவனங்கள் விளம்பரம் தந்தன. 'சோப் ஓபரா' என்ற கேலிப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. தொலைக்காட்சிக்காக அவர் உருவாக்கிய 'அஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' 1956இல் தொடங்கியது. ஒவ்வொரு வேலைநாளும் மதியம் அரைமணி நேரம், நேரலையாக. 1975 வரை அந்தத் தொடர் நேரலையாகத்தான் போனது. 1963 நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி சுடப்பட்ட செய்தி குறுக்கிட்டபோது அந்த அலைவரிசையில் ஓடிக்கொண்டிருந்தது இந்தத் தொடர்தான். வெளியே என்ன ஆயிற்று என்று தெரியாமலே நடிகர்கள் உள்ளே நடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் 'காரனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பர் 9 அன்று தொடங்கியபோது அதன் முதல் எபிசோடும் நேரலைதான்.

சுமார் இருபது ஆண்டுகள், வாரத்துக்கு ஐந்து நாள், மறு டேக் இல்லாமல் நடித்தார்கள். அதை யாரும் சாதனை என்று சொல்லவில்லை. தினமும் மூன்று வேளை சமைப்பதை எப்படி யாரும் சாதனை என்று சொல்வதில்லையோ அப்படி. விருந்து நாளில் ஓர் ஆண் அடுப்பங்கரைக்குள் நுழைந்து பிரியாணி தம் போட்டால் எல்லோரும் செல்பேசியில் படம் எடுப்பார்கள். பந்தம் வந்த நாளில் சீரியல் நேரலையானதும் இப்படித்தான் கொண்டாடப்பட்டது. சீரியல் தன் உயரத்தைத் தாண்டிவிட்டதாம். தன் பாட்டிவீட்டுக்கு ஒருநாள் விருந்தாளியாகப் போய்வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

*

பாதி பதிவு, பாதி நேரலை என்று ஒரு எபிசோடைத் தயாரிப்பது எளிதல்ல. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லமாட்டேன். பதிவுசெய்த காட்சிகளை நொடிக்கணக்கில் வெட்டி ஒழுங்குசெய்ய வேண்டும். ஒரு குறிப்பிட்ட நொடியில் பதிவு முடிந்து நேரலை தொடங்கும். அந்தத் தையல் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது. பதிவில் இருந்த உடை, தலைமுடி, வெளிச்சம் எல்லாம் நேரலையிலும் பொருந்த வேண்டும். ஜூலையில் லண்டனில் சூரியன் மறைய இரவு ஒன்பது ஆகும். மழை வரலாம். கூட்டத்தில் ஒருவர் கேமராவைப் பார்த்துவிடலாம். பந்தம் அணையலாம். எதற்கும் மறுமுறை கிடையாது.

இந்த வேலையில் ஒரு குரல் உண்டு, அது யாருக்கும் கேட்காது. கட்டுப்பாட்டு அறையில் இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த ஷாட்டுக்கு எத்தனை நொடி, முடிவுக்கு எத்தனை நொடி என்று உரக்க எண்ணிக்கொண்டே இருக்கும் தயாரிப்பு உதவியாளரின் குரல். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அந்த இருக்கை நெடுங்காலம் பெண்களுக்கு உரியதாகவே இருந்தது. எல்லோருடைய நேரத்தையும் எண்ணிச் சொல்வது, தன் பெயர் யாருக்கும் தெரியாமல் இருப்பது. இந்த வேலை நமக்குப் புதிதா என்ன?

நேரலை என்றால் கடிகாரம். அந்த நாளின் கடிகாரம் யாருடையது என்று கேளுங்கள். சுடர் வரும் நேரம் முன்பே முடிவானது. அதை யாராலும் நகர்த்த முடியாது. கதையில் மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் அடுக்கப்படும். லோலாவின் வலியும் அப்படித்தான். பிரசவம் பார்த்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும், உலகத்தில் எவருடைய அட்டவணைக்கும் கட்டுப்படாத ஒன்று உண்டென்றால் அது இடுப்புவலி. பனிக்குடம் உடைய நாள் பார்ப்பதில்லை. ஆனால் அன்று திரையில் அந்த வலிதான் பந்தத்தின் நேரத்துக்குத் தோதாக வந்து நின்றது. கதை எழுதுகிறவர்கள் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும், வேறு வழியில்லை என்பீர்கள். சரி. எழுதுகிறவர்களுக்கு ஏன் வேறு வழியில்லை என்றுதான் கேட்கிறேன். பேறுகாலம், மாதவிடாய், குழந்தையின் காய்ச்சல், மாமியாரின் மருந்து வேளை என்று பெண் உடலின் நேரங்களும் பெண் உழைப்பின் நேரங்களும் எப்போதும் வேறொருவர் கடிகாரத்துக்கு வளைந்து கொடுப்பவை என்று உலகம் பழகிவிட்டது. திரைக்கதை அந்தப் பழக்கத்தின் பிள்ளை.

*

அந்தப் பந்தத்தையும் கொஞ்சம் பார்ப்போம். அது கிரேக்கத்திலிருந்து ஆதிகாலம் தொட்டு வருகிற புனித நெருப்பு போலத்தான் பேசுகிறார்கள். ஒலிம்பியாவில் ஏற்றிய சுடரைக் கைமாற்றிக் கைமாற்றி ஓட்டமாகக் கொண்டுவரும் வழக்கம் தொடங்கியது 1936இல், ஹிட்லரின் பெர்லினில். ஏற்பாடு செய்தவர் கார்ல் டீம். அதைப் படமாக்கிய லெனி ரீஃபென்ஸ்டால், தனக்கு வேண்டியபடி கிடைக்காத சுடர் காட்சிகளைத் திரும்ப நடிக்க வைத்தே எடுத்தார். அவர் ஒரு பெண் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெண் கையில் கேமரா இருந்தாலே நியாயம் பிறந்துவிடாது. கேமராவுக்காகவே பிறந்த சடங்கு இது என்பதுதான் இங்கே செய்தி. எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த இந்தச் சடங்கை 'உண்மை' என்றும், உலகம் தோன்றிய நாள் முதல் நடந்துவரும் பிரசவத்தை 'சீரியல் மேட்டர்' என்றும் சொல்லத் தெரிந்திருக்கிறது நமக்கு.

நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய கூபெர்த்தான் பெண்கள் போட்டியிடுவதை விரும்பாதவர். பெண்களின் கைதட்டல் ஆண்களின் வெற்றிக்குப் பரிசாக இருக்கட்டும் என்பது 1912இல் அவர் எழுதிவைத்த கருத்து. 1928இல் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். களைத்து விழுகிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்லி நிறுத்தினார்கள். மறுபடி அது வந்தது 1960இல். மாரத்தான் ஓட அனுமதி கிடைத்தது 1984இல். லண்டன் 2012இல்தான் பெண்களின் குத்துச்சண்டை முதல்முறையாக ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது. அங்கே வெண்கலம் வென்ற மேரி கோம், இரட்டைப் பிள்ளைகளைப் பெற்ற பிறகு களத்துக்குத் திரும்பி வந்தவர். இரண்டு பந்தங்களையும் ஒரே உடலில் சுமந்து வந்தவர்.

நாம் சுடரைப் பார்த்துக் கைதட்டும்போது இந்த வரலாற்றையும் சேர்த்துத்தான் தட்டுகிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த எபிசோடில் தெருவே திரண்டு நின்று கைதட்டியது. கோழிவறுவல் கடைக்குள் ஒரு சிறுபெண் செய்த காரியத்துக்கு எந்தத் தெரு திரண்டது?

*

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு அகமும் புறமும் நினைவுக்கு வராமல் போகாது. வீரமும் வெற்றியும் கொடையும் புறம். பெயர் சொல்லிப் பாடலாம். காதலும் பிரிவும் அகம், பெயர் சொல்லக்கூடாது. புறநானூற்றில் பொன்முடியார் பாடலில் கடமைகளைப் பங்கு போட்டுத் தருவது உங்கள் எல்லோருக்கும் பாடமாக வந்திருக்கும். பெற்றுத் தருவது தாயின் கடமை என்பதோடு அவள் பங்கு முடிந்துபோகும். பிறகு தகப்பன், கொல்லன், வேந்தன், கடைசியில் களம். எத்தனை ஆண்டுகள் இந்தப் பாடலை வீரத்தாயின் பெருமை என்று நடத்தியிருக்கிறோம்! களத்துக்கு ஆள் அனுப்பும் வரிசையில் முதல் ஆளாக அவளை நிறுத்தியிருக்கிறார்கள் என்று எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வால்ஃபோர்டில் அன்று நடந்ததும் அதுதான். சீரியல் என்பது அகத்தின் வீடு. சமையல்கட்டு, மாடிப்படி, படுக்கையறை, அண்டை வீட்டுக் கதவு. அந்த வீட்டுக்குள் புறம் பந்தத்தோடு நுழைந்தது. நுழைந்தவுடன் வீட்டின் கேமராக்கள் எல்லாம் வாசலுக்குத் திரும்பின.

சீரியலை மதிக்க வேண்டும் என்று சொல்ல வெள்ளைக்காரப் பெண்கள் வேண்டுமா என்று கேட்காதீர்கள். அவர்கள் 1982லேயே சொல்லிவிட்டார்கள், நாம்தான் இன்னும் தயங்குகிறோம். டானியா மோட்லெஸ்கி, சீரியலின் உடைந்து உடைந்து போகும் ஓட்டம் வீட்டுவேலையின் ஓட்டத்தோடு ஒத்துப்போவதைக் காட்டினார். குக்கர் விசிலுக்கும் குழந்தை அழுகைக்கும் நடுவில் பார்க்கிறவளுக்காகப் பிறந்த வடிவம் அது. டோரதி ஹாப்சன் 'கிராஸ்ரோட்ஸ்' என்ற தொடரைப் பற்றி எழுத, பெண்களின் வீடுகளுக்கே போய் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தார். அவர்கள் ஏமாளிகளாக இல்லை. வேலை செய்துகொண்டே, பேசிக்கொண்டே, கதையைத் தங்கள் வாழ்க்கையோடு வைத்து அளந்துகொண்டே பார்த்தார்கள்.

என் வகுப்பில் "யார் யார் சீரியல் பார்ப்பீர்கள்?" என்று கேட்டால் ஒரு கை தூக்காது. "எங்கம்மா பார்ப்பாங்க மேம்" என்பார்கள். கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டால் பார்க்காதவர்களும் தூக்குவார்கள். படித்த பெண்ணாகக் காட்டிக்கொள்ள முதலில் அம்மாவின் டிவியிலிருந்து விலகி உட்கார வேண்டியிருக்கிறது. நானும் அப்படி விலகி உட்கார்ந்தவள்தான். முனைவர் பட்டம் வாங்கி முடிக்கும்வரை சீரியல் என்ற சொல்லை ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுத எனக்குத் துணிவு இருந்ததில்லை.

*

இனிமேல்தான் என் வாதத்தின் முதுகெலும்பு. பந்தம் போன பிறகு என்ன ஆனது?

விளையாட்டின் கேமராவுக்குப் பிறகு என்பதே கிடையாது. ஓடி முடித்ததும் அது அடுத்த ஓட்டத்துக்குத் திரும்பிவிடும். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து போன சாந்தி சௌந்தரராஜன் 2006இல் தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். ஓடியதை உலகம் பார்த்தது. பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்ததும் செய்தியாயிற்று. பிறகு கேமராக்கள் போய்விட்டன. 2012 ஜூலையில், லண்டனில் பந்தம் வலம்வந்துகொண்டிருந்த அதே மாதத்தில், அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்கிறார் என்று நாளிதழ்களில் படித்தோம். இடைப்பட்ட ஆண்டுகளை எந்த நேரலை காட்டியது?

சீரியலின் கேமரா வேறுவகை. அது தெருவிலேயே குடியிருக்கிறது. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' மறுநாளும் வந்தது, அடுத்த வாரமும் வந்தது. லோலாவின் கதை முடியவில்லை. சில மாதங்களில் குழந்தை லெக்ஸியைச் சமூகநலத் துறை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது. பிறகு குழந்தை போனது அப்பன்வழித் தாத்தாவான ஃபில் மிட்செலிடம். பணமும் பலமும் உள்ள ஆண், ஆகவே பொருத்தமானவர். பெற்றவளோ காப்பகத்தில் வளர்ந்த பெண், வயது போதாது, வருமானம் போதாது, நடத்தைமேல் சந்தேகம். தன் பிள்ளையைத் திரும்பப் பெற அவள் பட்ட பாட்டைத் தொடர் வாரக்கணக்கில் காட்டியது. அந்தக் காட்சிகள் எதுவும் நேரலை இல்லை. எந்தப் பயிலரங்கிலும் அவற்றைத் திரையிடமாட்டார்கள். ஜூலையில் கைதட்டிய அதே நாடு, அதே ஆண்டில் அவள் கைக்குழந்தையைப் பறித்ததை மூச்சுவிடாமல் சொன்னது சீரியல்தான்.

இதைக் கற்பனை என்று தள்ளிவிடுவதற்கு முன் ஒரு செய்தி. வால்ஃபோர்டுக்குத் தொடர் கொடுத்திருந்த அஞ்சல் குறியீடு ஈ20. நிஜ லண்டனில் அப்படி ஒரு குறியீடு அப்போது கிடையாது. 2011இல் அந்த ஈ20 குறியீட்டை ஒலிம்பிக் பூங்காவுக்கே வழங்கினார்கள். பூங்கா அமைந்த இடம் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டு. சீரியலின் கற்பனை முகவரி விளையாட்டின் நிஜ முகவரி ஆனது.

பக்கத்துக் குறியீடு ஈ15. அங்கே வீடில்லாத இளம் தாய்மார்களுக்கான ஒரு விடுதி இருந்தது. ஒலிம்பிக் முடிந்து ஓராண்டு ஆனபோது, 2013இல், நியூஹாம் மாநகரப் பகுதி நிர்வாகம் நிதியை வெட்ட, அங்கிருந்த 29 தாய்மார்களுக்கு வெளியேறும்படி அறிவிப்பு வந்தது. எங்கே போவது என்று கேட்டால் மான்செஸ்டர் போ, பர்மிங்காம் போ, ஹேஸ்டிங்ஸ் போ என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியும் இடங்கள் சொல்லப்பட்டன. அம்மா, அக்கா, தோழி எல்லோரையும் விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு முன்பின் தெரியாத ஊருக்குப் போக வேண்டும். அவர்கள் போகவில்லை. 'ஃபோகஸ் ஈ15' என்று திரண்டார்கள். தெருவில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். 2014 செப்டம்பரில், ஆட்களைக் காலி செய்து பூட்டி வைத்திருந்த கார்பென்டர்ஸ் குடியிருப்பின் வீடுகளுக்குள் புகுந்து அமர்ந்து, இந்த ஊரில் காலி வீடுகள் இருக்கின்றன பார் என்று உலகத்துக்குக் காட்டினார்கள்.

அந்தக் கார்பென்டர்ஸ் குடியிருப்பு ஒலிம்பிக் பூங்காவை ஒட்டியது. 2012இல் பிபிசி தன் ஒலிம்பிக் ஒளிபரப்புக்கு ஸ்டூடியோ அமைத்தது அந்தக் குடியிருப்பின் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில்தான். அங்கிருந்து பார்த்தால் மைதானம் அழகாகத் தெரியும். கேமரா மேலேயிருந்து மைதானத்தைப் பார்த்தது. கீழே காலியாகிக்கொண்டிருந்த வீடுகளைப் பார்க்க அதற்குக் கழுத்து திரும்பவில்லை.

லோலாக்கள் ஈ20இல் மட்டும் இல்லை. அதை முதலில் சொன்னது நேரலை அல்ல, சீரியல்.

*

நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அப்படியானால் நேரலையே வேண்டாமா? விழாவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. அதே தொடர் தன் 25ஆம் ஆண்டு நிறைவுக்கு 2010 பிப்ரவரி 19 அன்று ஒரு முழு எபிசோடை நேரலையாகச் செய்தது. ஆர்ச்சியைக் கொன்றது யார் என்ற மர்மம் அன்று உடைந்தது. கொன்றவள் ஸ்டேசி, அவளை வன்புணர்ந்தவன் அந்த ஆர்ச்சி. நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், லேசி டர்னர் என்ற இளம் நடிகை அந்த வாக்குமூலத்தைத் திரும்ப எடுக்க முடியாத ஒரே மூச்சில் சொன்னார். நேரலையின் கடிகாரத்தை ஒரு பெண்ணின் வாய்க்கும் கொடுக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அதே தொழில்நுட்பம், அதே தெரு. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பந்தம் வந்தபோது கடிகாரம் கைமாறிவிட்டது.

சீரியல்களெல்லாம் பெண்ணுக்கு நல்லது செய்கின்றன என்றும் சொல்லமாட்டேன். நம் ஊர் சீரியல்களில் தாலியும் சாதிப் பெருமையும் மருமகள் கண்ணீரும் போடுகிற ஆட்டம் எனக்கும் தெரியும். அவற்றோடு சண்டை போட வேண்டும். ஆனால் சண்டை போடுவது மதித்துப் பார்ப்பவர்கள் செய்யும் வேலை. சிரித்துத் தள்ளுவது வேறு. 'வழக்கமான சீரியல் மேட்டர்' என்ற அந்தச் சிரிப்பு சீரியலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பிரசவத்தைப் பார்த்துச் சிரித்தது. கோழிவறுவல் கடையில் படுத்திருந்த காப்பகத்துப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தது. வீட்டில் குக்கர் சத்தத்துக்கு நடுவே அவளுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற நம் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

மாணவிகளிடம் நான் இப்போது கேட்பது இதுதான். அடுத்த முறை விழா ஒன்று நேரலையாக வரும்போது, யாருடைய நேரத்துக்காக யாருடைய வலி காத்திருக்கிறது என்று பாருங்கள். கூட்டம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பாருங்கள். பிறகு, பந்தம் கடந்துபோனதும் டிவியை அணைத்துவிடாதீர்கள். அந்தத் தெருவில் மறுநாள் காலை யார் எழுந்து பால் காய்ச்சுகிறார்கள் என்பதையும் இருந்து பாருங்கள்.

அந்தப் பயிலரங்கின் எபிசோடை இந்த ஆண்டு என் வகுப்பில் பாடமாக வைத்திருக்கிறேன். திரையிடலைப் பந்த ஓட்டத்தோடு நிறுத்தமாட்டேன். லெக்ஸி பிறக்கும்வரை ஓடும். பிறகு அவளை எடுத்துக்கொண்டு போகிற எபிசோடும் ஓடும். யாராவது சிரித்தால், இந்த முறை நான் கூடச் சேர்ந்து சிரிக்கமாட்டேன்.